மச்சானுக்குப் போட்ட சீர்

2018-இல் சரவெடிக்குத் தடை வரும்வரை நாரணாபுரத்தில் கட்டிய பத்தாயிரம் வாலா எவ்வளவு நீளம்? இராமநாதபுரம் ராஜாக்களான சேதுபதிகளின் பட்டங்கள் அதையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். செப்பேட்டை வாசிக்க உட்கார்ந்தால், ராஜாவின் பெயர் வருவதற்குள் டீ ஆறிப்போகும்.

'அந்த ராஜாவுக்கும் பட்டாசு ஊருக்கும் என்னய்யா சம்பந்தம்?' 1985 வரை நாரணாபுரமும் இராமநாதபுரம் மாவட்டம்தானே! அந்த மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் எங்கே இருந்தது தெரியுமா? மதுரையில்!

சேதுபதிகளின் உத்தியோகமும் அந்த ரகம்தான். ராமர் பாலத்துக்குக் காவல். பாலமோ தண்ணீருக்கடியில். ஆனாலும் நிஜமான வேலை ஒன்று இருந்தது: ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களின் மடியில் கள்ளன் கைவைக்காமல் பார்த்துக்கொள்வது. 1605 வாக்கில் மதுரை நாயக்கர் சடைக்கத் தேவரிடம் இதை ஒப்படைத்தார்.

செக்யூரிட்டி வேலை கிடைத்ததும் பட்டங்கள் முளைத்தன. என் ஃபேவரிட், 'இரணியகர்ப்பயாஜி'. தங்கத்தில் பெரிய பாத்திரம் செய்வார்கள். ராஜா குனிந்து உள்ளே இறங்குவார். மந்திரம் முடிந்து வெளியே வந்தால், புதிதாய்ப் பிறந்துவிட்டாராம்! மீசையோடு பிறந்த குழந்தை. தங்கம் தானமாய்ப் போகும். பிரசவச் செலவு கஜானா கணக்கில்.

வம்சத்திலேயே பெரிய வீரருக்கு நிலைத்த பெயர், கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர். மதுரைக்கு அடங்க மறுத்தவர், மனைவி வீட்டுக்கு அடங்கிவிட்டார்! காதலி நாச்சியாரைக் கட்டியவர், மச்சான் ரகுநாதத் தொண்டைமானுக்கு ஒரு மோதிரத்தோடு விட்டிருக்கலாம். புதுக்கோட்டையையே தூக்கிக் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. 1795-இல் கம்பெனிக்காரன் முத்துராமலிங்க சேதுபதியைப் பிடித்து உள்ளே போட்டான். 1803-இல் அவர் அக்காள் மங்களேஸ்வரி நாச்சியாருக்கு மிஞ்சியது வெறும் ஜமீன். மச்சான் வம்சமோ சொந்தக் காசு அடித்து, பீரங்கி மரியாதை வாங்கிக்கொண்டு 1948 வரை ஜம்மென்று ஆண்டது.

பாஸ்கர சேதுபதியை மட்டும் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. 1897-இல் விவேகானந்தர் வந்தபோது, வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களோடு தானும் சேர்ந்து இழுத்தார். குதிரைகளுக்கு லீவு, ராஜாவுக்கு டியூட்டி. கொடுத்துக் கொடுத்தே கடனாளியானவர், 35 வயதில் போய்விட்டார்.

ஜமீன் ஒழிந்த பிறகு சண்முக ராஜேஸ்வர சேதுபதி ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். 1954-இல் எட்டே பேர் கொண்ட மந்திரிசபையில் அவருக்கும் ஒரு நாற்காலி. முதலமைச்சர் யார்? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மாமாவின் ஜவுளிக்கடையில் நின்ற விருதுநகர்க்காரர்.