கும்மிடிப்பூண்டிக் குறுக்கீட்டியல்: பகுப்பும் உரையும்

ஒன்று தன் வழியே போகும்போது மற்றொன்றும் அதே வழியே தன் பாட்டுக்கு வருமாயின் அது குறுக்கீடு எனப்படும். ‘தன் பாட்டுக்கு’ என்றமையால் வேண்டுமென்றே வழிமறித்தல் நீங்கும். அது வம்பு, அதற்குக் காவல் நிலையம் உண்டு. ‘அதே வழியே’ என்றமையால் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி இவ்வியலுக்கு உரிய நிலமாயிற்று. என்னை எனின், சென்னை–கூடூர் ரயில் தடம், கொல்கத்தா நெடுஞ்சாலை, சிப்காட் மின்கம்பி, ஆந்திரத்துக் கால்வாய், போதாக்குறைக்குத் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் இந்தப் பக்கமாகத்தான் போயாக வேண்டும்.

இது அலைவழி, நினைவுவழி, தடவழி, எல்லைவழி என நால்வகைப்படும். கல்யாணப் பேச்சில் ஒன்றுவிட்ட பெரியப்பா வாய் வைப்பதை ஐந்தாவதாகக் கொள்வாரும் உளர். விரிப்பின் பெருகும், விடுக்க.

அலைவழிக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர், மழை விட்டபின் சிப்காட் சாலையில் லாரி நின்றுபோன இடத்துக் குட்டையைக் குனிந்து பார்க்க. சொட்டிய டீசல் நீர்மேல் மெல்லிய படலமாய்ப் பரந்திருக்கும். படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கூடும்போது சில நிறங்கள் ஓங்கும், சில நிறங்கள் அவியும். ஊதாவும் பச்சையும் பொன்னும் அதனால் வருவன. தாமஸ் யங் 1801இல் லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்த கொள்கை இதுவே. அவர் பட்ட பாட்டில் பாதி இங்கே ஒழுகும் டீசல் டேங்கால் மிச்சமாகியிருக்கும்.

இவ்வகையின் உட்பிரிவு உலைக் குறுக்கீடு. இவ்வட்டாரத்து உருக்காலைகளில் ஸ்க்ராப்பை உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ், மின்வாரியம் தரும் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கிக் கொள்கிறது. அப்படி மாற்றித் தரும் ஆறு துடிப்பு ரெக்டிஃபையர் மின்சாரத்தைச் சீராக உறிஞ்சாது. வெட்டி வெட்டி இழுக்கும். அந்த வெட்டுகள் 250 ஹெர்ட்ஸ், 350 ஹெர்ட்ஸ் என ஐந்தாம், ஏழாம் மடங்கு அலைகளாக அதே கம்பியில் திரும்பி ஓடும். (இவற்றை ஹார்மோனிக்ஸ் என்பர். கர்நாடக சங்கீதத்துக்கும் இதற்கும் ஒட்டில்லை.) பக்கத்து ஆலையின் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும், கெப்பாசிட்டர் உப்பும், இரண்டு மேனேஜர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். வரம்பு மீறினால் மின்வாரியம் தண்டமும் போடும்.

இதற்கான மருந்துதான் சுவையானது. இன்னொரு ஆறு துடிப்பு ரெக்டிஃபையரைச் சேர்த்து, ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்டார் சுற்றிலிருந்தும் மற்றதற்கு டெல்டா சுற்றிலிருந்தும் மின்சாரம் கொடுத்தால் இரண்டுக்கும் 30 பாகை வித்தியாசம் விழும். அப்போது முதலாவதன் ஐந்தாம் மடங்கு ஏறும் நேரத்தில் இரண்டாவதன் ஐந்தாம் மடங்கு இறங்கும், ஏழாவதும் அப்படியே. ஒன்றையொன்று தின்றுவிடும். முள்ளை முள்ளால் எடுத்த கதைக்கு இதைவிடத் தெளிவான சான்று பாடநூலில் கிடையாது.

ஈண்டு ஒன்று நோக்குக. அலைகளுக்குள் வழக்கு எழுவதில்லை. ‘நான்தான் முதலில் வந்தேன், நீ குறுக்கே வந்தாய்’ என்று எந்த அலையும் சொல்வதில்லை. ஏனைய மூன்று வகையிலும், தன்னை முதல் வந்தவன் என்று நிலைநாட்டிக்கொண்டவன் மற்றவனைக் குறுக்கீடு என்கிறான். யார் முதல் என்று தீர்ப்புச் சொல்வதோ வேறொருவர். இந்நூலாசிரியனுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவே. மற்றவை இதை நீட்டி முழக்க வந்தவை.

நினைவுவழிக் குறுக்கீட்டை லோடு ஏற்றும் இடத்தில் காண்க. டாலி எழுதுகிறவர் கம்பிக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. டீக்காரப் பையன் வருகிறான். ‘அண்ணே, சர்க்கரை போடவா?’ என்றால் அவர் தலையாட்டிவிட்டு நாற்பத்துமூன்றுக்குப் போய்விடுவார். ‘அண்ணே, பதினாலு டீயா, பதினஞ்சா?’ என்றானோ, தீர்ந்தது. லாரியை முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணை அழிப்பது எண்ணே. சர்க்கரைக்கு அந்த வலிமை இல்லை. புதிதாகக் கற்பது சற்றுமுன் கற்றதைக் கெடுக்கும் என்று ஜெர்மனியில் ம்யூலரும் பில்செக்கரும் 1900இல் எழுதினர். இரண்டும் ஒத்திருந்தால் கேடு மிகும் என்று பின்வந்தோர் கண்டனர். பையன் தரப்பு நியாயம் வேறு: அவன் கணக்கில் கம்பிக் கட்டுதான் டீக்குக் குறுக்கே வந்தது.

ஸ்ட்ரூப் என்னும் அமெரிக்கர் 1935இல் இன்னொன்று செய்தார். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னார். நாக்கு தடுமாறியது. குறி ஒன்றும் பொருள் ஒன்றுமாய் நின்றால் இப்படி ஆகும்.

தடவழியில் அது விளையாட்டாக நில்லாது. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸுக்குக் கவரைப்பேட்டையில் மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு கிடைத்தது. வண்டியோ லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. விளக்கு ஒன்று சொல்ல, தண்டவாளம் வேறொன்று சொல்லிற்று. பலர் காயப்பட்டனர், உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு. நாசவேலையோ என்ற கோணத்திலும் விசாரித்தார்கள், தேசியப் புலனாய்வு முகமையினரும் வந்து பார்த்தார்கள்.

அன்றாடத் தடக் குறுக்கீடு வேறு. அத்திப்பட்டுக்கு வடக்கே லோக்கலுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் சரக்கு வண்டிக்கும் பாதை பொது. லோக்கல் முன்னால் வந்து நிற்கும். பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்காக ஓரம் கட்டப்படும். முதலில் வந்தவனே முதல்வன் என்ற விதி இங்கே வழுவுகிறது. ஷிஃப்டுக்கு மணியாகிவிட்ட பயணி இதை வழுவமைதியாக ஏற்பதில்லை.

எல்லைவழி. 1954இல் இந்தியாவும் சீனாவும் பஞ்சசீலத்தில், அடுத்தவர் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று எழுதிக்கொண்டன. அதே பத்தாண்டில் இங்கே ம.பொ.சி. முதலானோர் திருத்தணிக்காகச் சிறை போய்க்கொண்டிருந்தார்கள். எல்லைத் தகராறில் நடுவராயிருந்த படாஸ்கர் பரிந்துரைத்தபடி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. யார் நிலத்தில் யார் குறுக்கிட்டார் என்பதற்கு ஆரம்பாக்கத்துக்கு இப்பக்கம் ஒரு விடையும் அப்பக்கம் ஒரு விடையும் இன்றும் கிடைக்கும்.

கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டி.எம்.சி. தர ஒப்பியதால் மொத்தம் 15. எல்லையில் வந்து சேர வேண்டியது 12. எஞ்சிய 3 டி.எம்.சி. வழியில் ஆவியாகிப் போவதற்கு. இந்நூல் கண்ட குறுக்கீட்டாளருள் பங்கை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டவன் சூரியன் ஒருவனே. அவன் தன் பங்கைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறான். பன்னிரண்டு முழுதாய் வந்து சேர்வதுதான் அரிது.

புறனடை: நால்வகையிலும் அடங்காதது ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கே ராக்கெட் கிளம்புகிறது. ஏவுநாளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக்கூடாது. ராக்கெட்டின் வழியில் படகு குறுக்கீடு என்பது விதி. படகு அதற்குப் பல தலைமுறை மூத்தது என்பது அவர்கள் வாதம். ஏவுதல் தள்ளிப்போனால் தடையும் கூடவே தள்ளிப்போகும்.