மேலது என்றால் எது?

கட்டுரை எழுத ஆறு மாதம் ஆயிற்று. துணைநூற்பட்டியல் சரியில்லை என்று இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கமாவும் முற்றுப்புள்ளியும் அவ்வளவு முக்கியமா?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

கமாவுக்கு முன்னால் நிற்பது ஆசிரியர் பெயரா, நூல் பெயரா என்று படிப்பவருக்குத் தெரிவது முக்கியம். நீங்கள் ஆறு மாதம் அலைந்து கண்டுபிடித்த பக்கத்துக்கு அடுத்தவர் ஆறு நிமிடத்தில் வந்து சேர வேண்டும். இத்தனை கட்டுப்பாடும் அதற்குத்தான். பட்டியலைச் சீராக்கி மறுபடி அனுப்புங்கள். ஆறு மாத உழைப்பு வீணாகக் கூடாது.

சிகாகோ, எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. ஆகிய மேற்கோள் முறைகளில் எது சிறந்தது?
— மதுரை

உங்கள் இதழ் எதைக் கேட்கிறதோ அது. ஒன்றைப் பிடித்தால் கடைசி வரை அதையே பிடியுங்கள்.

வெளிநாட்டு இதழ் ஒன்று 'குடும்பப் பெயர் முதலில்' என்கிறது. எனக்குக் குடும்பப் பெயரே கிடையாதே!
— கோயம்புத்தூர்

உங்கள் பெயரும் அப்பா பெயரின் தலைப்பெழுத்தும் இருக்கின்றன, அது போதும். பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால்: கைலாசபதி, க.; வரதராசன், மு. உங்கள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை முழுதாக எழுதிவிட்டால், மென்பொருள் கடைசிச் சொல்லைத்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய நூல் பட்டியலில் அப்பா பெயரில் ஏறிவிடும்.

பழைய அறிஞர்களிடமும் இந்தக் கவனம் வேண்டும். 'ஐயர், சாமிநாத' என்றும் 'பிள்ளை, வையாபுரி' என்றும் உடைத்த பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துத் தமிழறிஞர்களில் பாதிப்பேர் 'பி' என்ற ஓரெழுத்தின் கீழ் குவிந்துவிடுவார்கள். சாமிநாதையர், உ.வே. என்பதே முறை. புனைபெயரில் அறியப்பட்டவரை அந்தப் பெயரிலேயே வையுங்கள். புதுமைப்பித்தனைத் தேடுகிறவர் 'பு'வில்தான் தேடுவார், விருத்தாசலம் என்று 'வி'யில் அல்ல.

அடிக்குறிப்பில் 'மேலது' போடுவது தவறா?
— தஞ்சாவூர்

'முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல்' என்பதற்குக் கையால் எழுதிய காலத்தில் அது நல்ல சுருக்கம். கணினியில் அது கண்ணிவெடி. என் மேசைக்கு வந்த ஒரு கட்டுரையில் நடந்ததைச் சொல்கிறேன். 14ஆம் குறிப்பு உ.வே.சா.வின் சிலப்பதிகாரப் பதிப்பு. 15ஆம் குறிப்பு 'மேலது', ஒரு பக்க எண்ணுடன். மதிப்பீட்டாளர் சொன்னார் என்று ஆசிரியர் நடுவில் கைலாசபதியின் நூலுக்கு ஒரு புதுக்குறிப்பைச் சேர்த்தார். எண்கள் தாமாகவே நகர்ந்துகொண்டன, 'மேலது' மட்டும் இருந்தபடியே இருந்தது. அடியார்க்குநல்லார் உரையில் உள்ள ஒரு விளக்கம் இப்போது கைலாசபதி சொன்னதாக நின்றது. வாக்கியத்தில் எழுத்துப்பிழைகூட இல்லை. மெய்ப்புப் பார்க்கிற எவர் கண்ணிலும் படாது. மூலநூலைத் திறந்து பார்த்ததால்தான் அகப்பட்டது.

சிகாகோ கையேடே 2017இல் வந்த 17ஆம் பதிப்பில் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி, ஆசிரியர் பெயரோடு குறுந்தலைப்புப் போடப் பரிந்துரைத்துவிட்டது. 'சாமிநாதையர், சிலப்பதிகாரம்', பிறகு பக்க எண். கூடுதலாக இரண்டு சொல், அவ்வளவுதான். 'மே.கு.நூ.' (மேற்குறிப்பிட்ட நூல்) இன்னும் மோசம்: எந்த நூல் என்று அறிய வாசகர் இருபது பக்கம் பின்னால் புரட்ட வேண்டும்.

சங்கப் பாடலுக்குப் பக்க எண் கொடுத்தேன். போதாது என்கிறார் நெறியாளர்.
— சேலம்

அவர் பக்கம்தான் நான். செம்மண்ணும் மழைநீரும் கலக்கும் அந்தப் பாட்டு எந்தப் பதிப்பிலும் குறுந்தொகை 40. பக்கமோ பதிப்புக்குப் பதிப்பு மாறும். குறளுக்குக் குறள் எண், சிலம்புக்குக் காதையும் அடியும். தொல்காப்பியத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இளம்பூரணர் ஓரிடத்தில் பிரித்த நூற்பாவை நச்சினார்க்கினியர் வேறு மாதிரி கொள்வார், எண் தள்ளிப்போகும். எனவே எந்த உரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்பனிலும் பதிப்புக்குப் பதிப்பு பாட்டெண் மாறும்.

பக்க எண் மட்டும் போதாது என்பது நாவலுக்கும் பொருந்தும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் 'பொன்னியின் செல்வ'னைப் பல பதிப்பகங்கள் பல அளவில் அச்சிடுகின்றன. பாகமும் அத்தியாயமும் தந்தால் எந்தப் பிரதியை வைத்திருப்பவரும் இடத்தைக் கண்டுபிடிப்பார்.

உ.வே.சா.வின் சீவக சிந்தாமணி முதற்பதிப்பு 1887. நான் படித்தது அண்மை மறுபதிப்பு. எந்த ஆண்டைப் போட?
— சென்னை

கையில் இருந்த பிரதியின் ஆண்டை. முதற்பதிப்பின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். 1887 என்று மட்டும் போட்டால் நீங்கள் பார்க்காத புத்தகத்தைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். உ.வே.சா. அடுத்தடுத்த பதிப்புகளில் புதிய ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருந்தவர். அவருடைய முதல் முயற்சியையும் பல ஆண்டு உழைப்புக்குப் பின் வந்த பாடத்தையும் ஒன்றாக்குவது அந்த உழைப்பை அழிப்பதாகும்.

பழைய நூலில் 'நந்தன வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கிறது.
— யாழ்ப்பாணம்

அறுபது ஆண்டுக்கு ஒருமுறை நந்தன வரும்: 1892, 1952, 2012. தாளும் அச்செழுத்தும் முன்னுரையில் வரும் பெயர்களும் எது என்று காட்டிக்கொடுக்கும். ஆவணி என்பதால் அதே ஆண்டு. தை, மாசி என்றால் சந்தேகமில்லாமல் அடுத்த ஆங்கில ஆண்டு. நூலில் உள்ளபடியே எழுதி, நீங்கள் கணித்ததைச் சதுர அடைப்பில் வையுங்கள். திருவள்ளுவர் ஆண்டென்றால் எளிது, 31ஐக் கழித்தால் போதும்.

இன்னொன்று. எம்.எல்.ஏ. 2016இலும் சிகாகோ 2024இலும் 'வெளியிட்ட ஊர் கட்டாயமில்லை' என்று தளர்த்திவிட்டன. பழைய தமிழ் நூலுக்கு ஊரையும் அச்சுக்கூடத்தையும் விடாதீர்கள். ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலும் இயங்கியது, சென்னையிலும் இயங்கியது. ஊர்ப்பெயர் போனால் அந்த வரலாறும் போகும்.

கணினி அடுக்கிய அகரவரிசையை நம்பலாமா?
— திருச்சி

ஒருமுறை கண்ணால் பாருங்கள். எழுத்துக்குறி எண்ணை வைத்து அடுக்கும் மென்பொருளில் ழ, ள, ற, ன நான்கும் வ-வுக்கு முன்னால் வந்துவிடும். அழகிரிசாமி முந்திக்கொள்வார், அவ்வை பின்னால் நிற்பார். நம் நெடுங்கணக்கில் வ-தான் முதலில். ஜானகிராமனும் ச-வை அடுத்துப் போய் உட்கார்ந்திருப்பார். கிரந்த எழுத்துக்கு இடம் கடைசியில்.

செயற்கை நுண்ணறிவு ஒரு துணைநூற்பட்டியல் போட்டுத் தந்தது. சேர்க்கலாமா?
— ஈரோடு

ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகு சேர்க்கலாம். அதில் சில நூல்கள் உலகத்திலேயே இல்லாமல் இருக்கலாம்.

பட்டியலை எப்போது தொடங்குவது?
— புதுச்சேரி

நூலகத்தில் புத்தகத்தைத் திறக்கும் அன்றே. தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள். மேற்கோள் எடுத்த பக்கத்தை எண் தெரியும்படி இன்னொரு படம். அனுமதி இல்லாத நூலகமென்றால் பென்சிலும் அட்டையும் கொண்டுபோங்கள்.