புகையில்லாப் போகி, மணலி நீங்கலாக

ஒரு கவுன்சிலருக்குச் சொந்தமான புகை ஒன்றே ஒன்றுதான். கொசு மருந்துப் புகை. மணலி புதுநகர்த் தெருவுக்குள் அந்த மிஷின் தடதடவென்று நுழைந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். ஊரில் இருக்கும் ஆலைப் புகைகளின் பின்னால் யாரும் ஓட முடியாது. அவற்றுக்கு மதில் உண்டு, கேட் உண்டு, செக்யூரிட்டி உண்டு. கவுன்சிலரின் அதிகாரம் அந்த மதில் வரைக்கும்தான். அதற்கு அந்தப் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதையும் தாண்டினால் டெல்லி. கொசு மட்டும்தான், பாவம், மாநகராட்சிக்குக் கட்டுப்பட்ட ஜீவன்.

இப்படிப்பட்ட ஊரில் மக்கள் நலத்துக்காக ஒரு கவுன்சிலர் கிளம்பினால் என்ன செய்வார்? வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அதை 60 லட்சமாக உயர்த்தினார்கள். பூங்காவில் காலை வீசும் இரும்பு, கையைச் சுழற்றும் இரும்பு வைக்கலாம். பக்கத்திலேயே ஒரு போர்டு: மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கவும். இழுக்கலாம்தான். இழுத்தால் என்ன உள்ளே போகும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே மணலிக்கு மார்க் போட்டுவிட்டது: நூற்றுக்கு 76.32. எழுபதைத் தாண்டினாலே ‘மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி’. நம் பிள்ளை பத்தாவதில் இந்த மார்க் வாங்கினால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைப்போம். ஊர் வாங்கிய மார்க்குக்கு ஏனோ எந்தக் கட்சியும் வைக்கவில்லை.

புரட்டாசியில் அய்யா வைகுண்ட தர்மபதிக்குத் தேர் பார்க்க வருகிறவர்கள், தேர் எந்தத் தெருவில் வருகிறது என்று கேட்பதற்கு முன்னால், “இன்னா நாத்தம் இது?” என்று கேட்கிறார்கள். நமக்கு அது நாற்றம் இல்லை, முகவரி.

முகாமுக்கும் குறைவில்லை. நான் போய் உட்கார்ந்த முகாம்களில் பிபி பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள். உப்பைக் குறையுங்கள், அரிசியைக் குறையுங்கள், தினமும் நடங்கள். யோசித்தால் இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சுகர் நான் தின்றதால் வந்தது, ஆகவே குற்றவாளி நான். நுரையீரலைச் சோதித்தால் விசாரணை வேறு பக்கம் திரும்பிவிடும். ஊதிப் பார்க்கச் சொல்லும் கருவி அந்த மேஜைகளில் ஒருநாளும் இருந்ததில்லை.

நடை என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. சென்னைக்கு வாய்த்த பாதை பெசன்ட் நகர்ப் பக்கம், எட்டுக் கிலோமீட்டர், கடற்காற்று. சரியாக ஒரு மாதம் கழித்து மிக்ஜாம் புயல். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மீனவர்களுக்கும் ஒரு உடற்பயிற்சி கிடைத்தது. கருவி, பக்கெட்டும் மக்கும். குனி, மொள், நிமிர், ஊற்று, மறுபடி குனி. அதே டிசம்பர் 26 நள்ளிரவில், கடலுக்கடியில் போகும் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் ஜனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அது எத்தனை கிலோமீட்டர் என்று எந்த நலத்திட்டக் கணக்கிலும் ஏறவில்லை.

“நம்ம கையில இன்னாபா இருக்குது?” மதிலைக் காட்டினால் கவுன்சிலர்கள் சொல்லும் ஒரே பதில் இது. சரி, மதிலை விடுங்கள். கையில் இருப்பதைப் பேசுவோம்.

போகி. டயரை, பிளாஸ்டிக்கை, பழைய துணியைத் தெருவில் கொளுத்தாதீர்கள், நகரத்தின் நுரையீரலைக் காப்பாற்றுங்கள் என்று மாநகராட்சி வண்டி அனுப்பிக் கெஞ்சுகிறது. நல்ல காரியம். ஜனமும் அள்ளிக் கொடுக்கிறது. அள்ளியது எங்கே போகிறது? மணலிக்கு. இங்கே மாநகராட்சிக்கென்று ஒரு எரிஉலை இருக்கிறது. அங்கே அவை ‘விஞ்ஞான முறையில்’ எரிக்கப்படுமாம். அடையாறில் கொளுத்தினால் மாசு, மணலியில் கொளுத்தினால் விஞ்ஞானம்!

இந்த உலையைக் கேள்வி கேட்க டெல்லி அனுமதி தரவில்லையே என்று மூக்கைச் சிந்த வேண்டியதில்லை. இது எந்தப் பன்னாட்டுக் கம்பெனியின் சொத்தும் இல்லை. ரிப்பன் மாளிகையில் இருநூறு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த மன்றத்தின் உலை. நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் வார்டுக் குப்பையை ஏழெட்டு வார்டின் மூக்குக்குள் ஏன் திணிக்கிறீர்கள் என்று எழுந்து கேட்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டரின் கையெழுத்து வேண்டாம், வெறும் தொண்டை போதும். இந்தக் காற்றில் அது கட்டிக்கொண்டுவிட்டது என்றால், முகாமுக்கு வாருங்கள், சுகர் பார்க்கிறோம்.

போன போகிக்கு முன்னால் வண்டி எங்கள் தெருவுக்கும் வந்தது. மைக்கில் புகையில்லாப் போகி. எதிர்வீட்டு ஆயா கிழிந்த பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்காரத் தம்பியிடம் கேட்டது: “இத்த எங்க எட்த்துனு போய் கொளுத்துவ?”

“மணலிதான் ஆயா.”

“அப்ப இது இன்னாடா ஊரு?”