தரைத்தளத்தாரும் லிஃப்ட்டும்: ஓர் ஆய்வு

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அடுக்ககச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுவில் எழும் கேள்விகளில் தத்துவச் சாயல் உள்ளது ஒன்றுதான்: “நான் ஏறாத லிஃப்ட்டுக்கு நான் ஏன் சார் காசு கொடுக்கணும்?” கேட்பவர் தரைத்தள வீட்டுக்காரர். பதில் சொல்ல வேண்டியவர் செயலாளர். இவர் பெரும்பாலும் ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓய்வு பெற்றவர். ரசீது புத்தகத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர். இருவருக்கும் நடுவே பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கும். இத்துறையில் முறையான ஆய்வு இல்லாத குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூலபாடங்கள். இவை மூன்று: கிரயப் பத்திரம், பைலா, மினிட்ஸ் நோட்டு. நிலத்தில் ஒருவருக்கு எத்தனை சதுர அடி பிரிபடாத பாகம், அதாவது யு.டி.எஸ்., என்பதைப் பத்திரம் சொல்லும். யார் எவ்வளவு கட்டுவது, கட்டாவிட்டால் என்ன செய்வது, கணக்கை யார் தணிக்கை செய்வது என்பதையெல்லாம் பைலா சொல்ல வேண்டும். சொல்லுமா என்பது வேறு. பைலா எழுதப்படுவதில்லை, ஜெராக்ஸ் எடுக்கப்படுகிறது. நீச்சல் குளமே இல்லாத பன்னிரண்டு வீட்டு ஃபிளாட்டில் நீச்சல் குள விதி இருந்தால், மூலப்பிரதி வேறொரு கட்டடத்தினுடையது என்று துணிந்து கூறலாம். பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்ற விதி பெரும்பாலும் பிற்கால இடைச்செருகல். மையின் நிறமே காட்டிக்கொடுக்கும். லிஃப்ட் செலவைப் பிரிக்கும் விதி இருக்க வேண்டிய இடத்தில் பல பிரதிகளில் ஏடு சிதைந்திருக்கிறது. சண்டை பிறப்பது அந்த இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, பொதுப் பகுதிகளுக்குத் தரும் பட்டியலில் படிக்கட்டோடு லிஃப்ட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் போய், 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பல பழைய சங்கங்கள் பதிவானது 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில். ஆகவே பொதுக்குழுவில் ஒருவர் ஒரு சட்டத்தைக் காட்ட, மற்றவர் இன்னொன்றைக் காட்டுவார். இரண்டையும் யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள்.

தெளிவான விடைக்கு மும்பை வரை போக வேண்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்து வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களின் மாதிரி விதிகள், லிஃப்ட் செலவு அந்தக் கட்டடத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும் சமம், ஏறினாலும் ஏறாவிட்டாலும், என்று ஒரே போடாகப் போட்டுவிட்டன. அங்குள்ள 1970ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேல்: பொது வசதியைப் பயன்படுத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாலும், வீட்டையே கைவிட்டுப் போனாலும் பங்குத் தொகையிலிருந்து தப்ப முடியாது. துறவு பூண்டாலும் மெயின்டனன்ஸ் விடாது என்பதே இதன் பொழிப்புரை.

இதோடு தரைத்தளத்தார் தோற்றார் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அவர் கையில் இருக்கும் ஆயுதம் மின்வாரியம் தந்தது. 2022 செப்டம்பரில் அடுக்ககப் பொது மின்இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. எதிர்ப்புக்குப் பின் 2023 அக்டோபரில் அதை 5.50 ஆகக் குறைப்பதாக முதல்வர் அறிவித்தார். யாருக்கு? பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட்டும் இல்லாத கட்டடங்களுக்கு. எட்டு வீடு, இரண்டு மாடி என்றாலும் லிஃப்ட் இருந்தால் சலுகை போச்சு. “உங்க லிஃப்ட்டால என் வாசல் பல்புக்கும் கூடுதல் கரண்ட் பில்” என்று அவர் எழுந்து நின்றால், செயலாளர் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். ஆய்வாளரின் கருத்தில், இருபுறத்து வாதங்களிலும் கணக்கோடு நிற்பது இது ஒன்றே.

இடையில் நாயின் நிலையையும் குறிப்பிட வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வளர்ப்பு நாயை லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது என்று சங்கம் தடுக்கக்கூடாது. அதற்கெனக் கட்டணமும் வாங்கக்கூடாது. மூன்றாம் மாடி நாய் இலவசமாகப் போய்வர, ஒரு நாளும் ஏறாத மனிதர் மாதந்தோறும் கட்டுகிறார்.

தரைத்தளத்தார் என்ற இனம் அருகியும் வருகிறது. புதிய கட்டடங்களில் தரைத்தளம் தூண்களுக்கும் கார்களுக்கும் போய்விட்டதால், முதல் மாடிக்காரர் அந்தப் பதவிக்கு வந்திருக்கிறார். முழங்கால் தேயும்வரை அவரும் இதே கேள்வியைக் கேட்பார். தேய்ந்தபின் சமபங்குக் கட்சியில் சேர்ந்துவிடுவார்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மாதக் கணக்கைப் பார்த்தால் வேறொன்று தெரியும். வாட்ச்மேன் சம்பளம், பெருக்குபவர் சம்பளம், பொது கரண்ட், தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமான ஏ.எம்.சி., கடைசியில் ‘இதர’. மாதாமாதம் வரும் ஏ.எம்.சி.யைக்கூட மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கம்பிவடம் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும் நாளில்தான் பில்டரிடமிருந்து கார்பஸ் ஃபண்ட் கைக்கு வந்ததா, எந்த பேங்கில் டெபாசிட் என்ற விசாரணை தொடங்குகிறது. உறுப்பினர் ஒருவரிடம் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்கும் பெரிய வளாகங்களுக்கு ஜி.எஸ்.டி. கவலை வேறு. மிஞ்சும் தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னதை அங்கே பொருளாளர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

மாடிக்காரர்களின் எதிர்வாதத்தில் ஒன்றே தேறும்: தரைத்தளத்தார் குளிக்கும் தண்ணீரும் சம்ப்பிலிருந்து மோட்டாரில் மொட்டைமாடிக்கு ஏறித்தான் இறங்குகிறது. மற்றவை மழைக்காலத்தில் கரைந்துவிடும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தண்ணீர் புகுந்த தெருக்களில் முதலில் நனைந்தது தரைத்தளம். கரண்ட் இல்லாததால் லிஃப்ட் எல்லோருக்கும் சமமாக நின்றது. நனையக்கூடிய இன்னோர் இடம், தரைக்கும் கீழே இருக்கும் லிஃப்ட் குழி. அதில் தேங்கும் நீரை இறைப்பதும், நனைந்த ஒயரை மாற்றுவதும் லிஃப்ட் செலவா, வெள்ளச் செலவா என்பதற்கு மும்பை விதிகளைப் புரட்டியும் பயனில்லை. விடை கிடைக்கும்வரை அந்த பில் ‘இதர’வில் ஏறும்.