உழிஞைப் படலம்: பழைய விளையாட்டைப் புதிய கணினியில் ஏற்றுதல் குறித்த ஒரு முன்னாய்வு

பழைய கணினி விளையாட்டைப் புதிய கணினியில் ஓடவைப்பது எப்படி என்னும் வினா தமிழாய்வுலகில் இதுகாறும் உரிய கவனம் பெறவில்லை. சங்க இலக்கியத்தில் பல்லி எத்தனை இடங்களில் ஒலிக்கிறது என்று எண்ணிப் பட்டம் பெறக்கூடிய நாட்டில் இப்படியொரு வயல் தரிசாகக் கிடப்பது வியப்பே. அக்குறையைப் போக்கவே செஞ்சியிலிருந்து இம்முன்னாய்வு வெளிவருகிறது. செஞ்சியிலிருந்து ஏன் என்பார்க்கு விடை: உள்ளே நுழைய முடியாமல் வெளியே உட்கார்ந்திருப்பது பற்றிப் பேச இதைவிடத் தகுதியான ஊர் எது? மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க 1690இல் இக்கோட்டையை வளைத்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குக் கோட்டை கிடைத்தது 1698இல். ராஜாராம் கிடைக்கவில்லை, அவர் முன்பே தப்பிப் போயிருந்தார். வீழ்ந்த மாதத்தை ஒருவர் ஜனவரி என்பார், ஒருவர் பிப்ரவரி என்பார். வீழ்ந்தது என்பதில் மட்டும் அறிஞர்களிடையே ஒருமை உண்டு. அதுவும் இன்றைய நிலவரப்படி.

முதன்மைச் சான்று, 1999இல் என்செம்பிள் ஸ்டுடியோஸ் ஆக்கி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம். கோட்டை கட்டுவதும் அடுத்தவன் கோட்டையை இடிப்பதுமே அதன் பொருள் என்பதால் செஞ்சிக்காரர்களுக்கு அது அயலாகத் தோன்றாது. அதில் ஒரு கோட்டைக்கு 650 கல் போதும். இங்கே மதிலே சுற்றிச் சுற்றி 13 கிலோமீட்டர் போகிறது. அந்தக் கணக்கை எந்த விளையாட்டும் தாங்காது. களம், விண்டோஸ் 11 ஏற்றப்பட்ட ஒரு மடிக்கணினி. அதில் சிடி போட வழி இல்லை. இந்தச் சிறு தடை பற்றி இறுதியில் பேசப்படும்.

நெறிமுறைக்குப் புறத்திணையியலை எடுத்துக்கொண்டேன். தொல்காப்பியர் திணை ஏழு என்றார். புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டு என்றது. மதிலை வளைப்பதும் காப்பதும் உழிஞை என்னும் ஒரே திணையா, காப்பது நொச்சி எனத் தனியா என்பதில் இரு கட்சியாரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர்கள் பேசும் கருத்தரங்குகளில் நான் எப்போதும் தேநீர் இடைவேளையின் கட்சி.

வெட்சி, ஆநிரை கவர்தல். அஃதாவது நண்பன் வீட்டு சிடியைச் சொல்லாமல் எடுத்துவருதல். விளக்கம் வேண்டா.

கரந்தை, அவன் அண்ணன் வந்து மீட்டுக்கொண்டு போதல்.

வஞ்சியாவது பகைநாட்டின்மேல் படை நடத்தல். ஈண்டு 'செட்அப்' என்னும் கோப்பை டபுள் கிளிக் செய்வதைக் குறிக்கும். செய்தவுடன், 'இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது' என்ற பொருளில் ஒரு நீலப் பெட்டி தோன்றும். காரணம் வருமாறு. 1990களின் நடுவில் வந்த விளையாட்டுகள் பல 32 பிட். அவற்றைக் கணினியில் இறக்கிவைக்கும் நிரல் மட்டும் சிலவற்றில் 16 பிட்டாகவே தங்கிவிட்டது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் எதையும் ஏற்பதில்லை. ஆகவே உள்ளே வாழத் தகுதி உள்ளவன் வாசலில் நிற்கிறான். அவனைக் கூட்டிவந்தவனிடம் அனுமதிச்சீட்டு இல்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏறியவர்கள் இதை எளிதில் உணர்வர். வழியில் பாறை பிளந்து, ஏறத்தாழ 7 மீட்டர் அகலத்துக்கும் 18 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வெடிப்பு. மேலே ஒரு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய படையும் எதிர்ப்புறம் நின்று காட்சி காண வேண்டியதுதான்.

இத்தடையைத் தமிழர் தொன்றுதொட்டு வென்ற முறை ஒன்றுண்டு: நிறுவாமலே விளையாடுவது. 'ரோடு ராஷ்' விளையாட்டை முறைப்படி செட்அப் போட்டு நிறுவிய எவரையும் இக்கட்டுரையாளர் சந்தித்ததில்லை. அது ஃபோல்டராகவே பிறந்து, பென் டிரைவில் வளர்ந்து, டி டிரைவில் முதுமை எய்திய விளையாட்டு.

தும்பை, சமபலம் கொண்டோர் பொருதல். இங்கே பலம் சமமில்லை, அதுவே சிக்கல். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரல்கள் சில, செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. செயலி வேகம் கூடினால் எதிரியும் அவ்வளவு வேகத்தில் வந்து நம்மைக் கொன்றுவிட்டுப் போய்விடுவான். நாம் விசையைத் தொட்டிருக்கவே மாட்டோம். டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் பலவற்றுக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. தொடங்கும்போதே செயலியின் வேகத்தை அளக்கப் பார்த்து, எண் பெரிதாகிப் போய், 'பிழை 200' என்று சொல்லிப் படுத்துவிடும். 2002இல் வந்த டாஸ்பாக்ஸ் என்னும் நிரல் இதற்கு மருந்து. கண்ட்ரோலும் எஃப் 11உம் அழுத்தினால் காலம் மெதுவாகும், எஃப் 12க்கு விரையும். சித்தர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்ற ஆய்வு தனியே நடக்கிறது.

நொச்சியை நான் தனித்திணையாகவே கொள்கிறேன். கட்சி அரசியலால் அன்று, எடுத்துக்காட்டு நன்றாக அமைந்ததால். திருட்டு நகலைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்றொரு பூட்டு அந்நாளில் பல சிடிகளில் இருந்தது. பூட்டைச் சோதிக்கும் காவலன், விண்டோஸின் அடிமடியில் இயங்கிய ஒரு டிரைவர். அந்தக் காவலன் வழியாகவே கள்வர் நுழையலாம் என்று கண்டுகொண்ட மைக்ரோசாஃப்ட், 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அவனுக்கு இடம் தரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தால் அவனை உறங்கவைத்தது. விளைவு: காசு கொடுத்து அசல் சிடி வாங்கியவன் வாயிலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறான். பூட்டை உடைத்த நகலை வைத்திருப்பவன் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறான். இதற்கு இணையான அறநிகழ்வு புறநானூற்றில் உண்டா என்று தேடினேன். இல்லை. உண்டென்று நிறுவ ஆறு மாத நிதிநல்கை போதும்.

காஞ்சி, நிலையாமை. 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' 2004இல் வந்தது. அதில் ஸ்கிம்மர் என்று தண்ணீரில் இறங்கும் சிறு விமானம் உண்டு. முந்தைய வைஸ் சிட்டியில் அதைப் படகுக் கணக்கில் எழுதியிருந்தார்கள். படகுக்குச் சக்கரம் எதற்கு? சான் ஆண்ட்ரியாஸில் விமானமாக மாற்றியபோது சக்கர அளவை நிரப்ப மறந்தார்கள். நிரப்பாத கட்டத்தில், முன்னே படித்த வண்டியின் எண் நினைவகத்தில் மிச்சமாகக் கிடந்தது; அதையே எடுத்துக்கொண்டு விமானம் இருபது ஆண்டு பறந்தது. 2024இல் விண்டோஸ் 11க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வந்து, அந்த மிச்சத்தை வேறு எதனாலோ நிரப்பிவிட்டது. விமானம் மறைந்தது. வலிய வரவழைத்து ஏறியவர்கள் வானத்தின் எல்லைக்கு அப்பால் வீசப்பட்டார்கள். பிறர் மிச்சத்தில் இருபதாண்டு வாழ்ந்து, ஒருநாள் அது நின்றுபோனதும் காணாமற்போன ஆய்வாளர்களையும் இவ்விடத்தில் நினைவுகூர்க.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனையும் நினைவுகூரலாம். ஆர்க்காட்டு நவாபுடன் பொருத 1714இல் அவருக்கு 'சேவ் கேம்' வசதி இல்லை.

இனி உழிஞை. இதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. பக்க வரையறை கருதி முன்னையவை சுருக்கப்பட்டன.

விண்டோஸ் விஸ்டா, 7 காலத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைத் திறந்தால் புல் ஊதாவாகவும் நீர் அதைவிடக் கேடாகவும் தெரிந்ததுண்டு. முதல் உரைகாரர் இதை மானிட்டர் கோளாறு என்றார். இரண்டாம் உரைகாரர், ஊதா என்பது குறிஞ்சிப் பூவின் நிறமாதலின் இது மலைநாட்டு ஆட்டம் என்றும், செஞ்சியின் சந்திரகிரியும் கிருஷ்ணகிரியும் சுட்டப்பட்டன என்றும் எழுதினார். மூன்றாமவர் இருவரையும் மறுத்துத் தம் நூலையே மூன்று இடங்களில் மேற்கோள் காட்டினார். உண்மையோ எளிது. அவ்விளையாட்டு ஒரு நேரத்தில் 256 வண்ணங்களே கொண்ட தட்டில் தீட்டியது. பின்னணியில் இருக்கும் எக்ஸ்ப்ளோரர், அஃதாவது டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் நிரல், அதே தட்டில் தன் வண்ணத்தை ஊற்றிவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரைக் கொன்றால் புல் பச்சையாகும். டெஸ்க்டாப் முழுதும் மறைந்துபோகும். ஆட்டம் மட்டும் நிற்கும். விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்டே இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டது. ஆதலால்தான் அறிஞர்கள் இப்போது இச்சிக்கலை முழுவீச்சில் ஆராய்கிறார்கள். தீர்ந்த சிக்கல் எதிர்த்துப் பேசாது.

இத்தொடர்பில் செஞ்சிப் பகுதியின் ஒரு கீறற்கல்வெட்டை முதன்முறையாக ஆய்வுலகுக்கு அறிமுகம் செய்கிறேன். கிடைத்த இடம்: மூடப்பட்ட பிரௌசிங் சென்டர் ஒன்றின் மூன்றாம் கேபின், இடப்புறப் பிளைவுட், தரையிலிருந்து மூன்று சாண் உயரம் (பிரதி அ, மைப்படி எடுக்கும்போது கட்டட உரிமையாளர் திட்டியதால் வலது ஓரம் கலங்கியுள்ளது). முதலில் ரெனால்ட்ஸ் 045 நீல மையால் எழுதிப் பின் காம்பஸ் முனையால் ஆழப்படுத்தப்பட்டது. வாசகம்: 'ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆ'. இறுதி எழுத்தின்மேல் பபிள்கம் உள்ளது. பபிள்கம் மூலத்தினதா, இடைச்செருகலா என்பது தனி விவாதம் (காண்க: என் 'பபிள்கம்மும் பாடபேதமும்', அச்சில், ஐந்தாண்டாக அச்சில்).

மூத்த கல்வெட்டறிஞர் ஒருவர் இதை 'ஹவ்டுயூ டர்ந்திசா' எனப் பிரித்து, ஹவ்டுயூ என்னும் அறியப்படாத சிற்றரசன் டர்ந்திசைக்கு வழங்கிய இறையிலி நிலம் என்று படித்தார். 'இறையிலி எங்கே இருக்கிறது?' என்று கேட்டதற்கு, 'அதுதான் சிதைந்த பகுதி' என்றார். இரண்டாமவர் நான்காம் கேபின் பாடத்தையும் ஒப்பிட்டு (பிரதி ஆ, இங்கே 'டர்ன்' என்பதில் புள்ளி இல்லை, கீழே ஒரு இதயமும் அம்பும், இவை பிற்காலத்தன), இது தேசிங்கு கதையில் வரும் நீலவேணி என்னும் குதிரைக்கு நட்ட நடுகல் வாசகம் என்றார். குதிரைக்குப் பலகையில் நடுகல் நடும் வழக்கம் இல்லையே என்ற ஐயத்துக்கு, இதுவே முதற்சான்று என்று பதில் வந்தது. இவ்விரு முடிவுகளையும் இணைத்து மூன்றாமவர் எழுதிய நூலுக்கு அணிந்துரை வழங்கியவர்கள் மொத்த வாசகர்களைவிட அதிகம்.

பள்ளிச் சீருடையில் ஒரு பையன் நாங்கள் மைப்படி ஒற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'சார், அது சீட் கோடு சார். அடிச்சா காரு வரும். சுடும்' என்றான்.

வேறொரு பழைய கணினியில் சோதித்தோம். உண்மை. வில்லும் ஈட்டியும் ஏந்திய படைகளின் நடுவே பந்தயக் கார் ஒன்று துப்பாக்கியோடு வந்து நின்றது. மூத்த அறிஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இடைக்காலத்தில் நம்மிடம் கார் இருந்ததற்குத் தொல்லியல் சான்று கிடைத்துவிட்டதாகக் கூறி, அன்று மாலையே செய்தியாளர்களை அழைத்தார். பையனின் பெயர் அறிக்கையில் 'கள உதவியாளர் (வாய்மொழி)' என உள்ளது.

வாகை, வெற்றி. எக்ஸ்ப்ளோரரை யார் கொல்வது என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது அதே பையன் கொன்றான்.

இவ்வளவும் எதற்கு, 2019இல் வெளிவந்த டெஃபினிட்டிவ் எடிஷனைக் காசு கொடுத்து வாங்கினால் புதிய கணினியில் தானே ஓடுமே என்று கேட்போர் உளர். ஓடும். 2022 முதல் அதில் திராவிடர்களும் ராஜேந்திரன் படையெடுப்பும்கூட உண்டு. அது ஆய்வுக்கு எதிரான போக்கு என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

எஞ்சுவது பாடாண். புலவர் புரவலரைப் பாடிப் பரிசில் கேட்கும் திணை. 2025 ஜூலையில் மராட்டியப் படையரண்களாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. கோட்டையைக் காக்க ஆள் வந்துவிட்டது. சிடி கீறலோடு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஆகவே வாசகர்க்கு ஒரு விண்ணப்பம்: திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் யாரிடமாவது வேலை செய்யும் யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று இருந்தால் ஒரு வாரம் இரவல் தந்து உதவவும். அணிந்துரை எழுதும் வாய்ப்பும் தரப்படும்.