புழு கடித்த இலையில் பிச்சிப்பூ

கேள்வி: டயட்டில் இருக்கிறேன். கீரையில்கூடக் கொழுப்பு இருக்கிறதாமே, அதையும் விட்டுவிடட்டுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: விடாதீர்கள். 100 கிராம் பாலக்கில் அரை கிராம் கொழுப்பு தேறினால் அதிகம். அதை வைத்துக்கொண்டுதான் கீரை இத்தனை ஆட்டம் ஆடுகிறது. ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வு, பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் சவ்வு, எல்லாவற்றுக்கும் அடிப்படை கொழுப்பு. பல செடிகளின் இலையில் அதில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம்: 18 கார்பன் நீளச் சங்கிலி, மூன்று இரட்டைப் பிணைப்பு. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு இதுதான் பதில்.

கேள்வி: புல் வெட்டும்போது வரும் வாசனை எனக்கு உயிர். “புல் அழுகிறது அப்பா” என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
- வாசகர், கோவை

பதில்: அழ நரம்பு வேண்டும், புல்லுக்குக் கிடையாது. ஆனால் மகள் ரொம்பத் தூரம் போய்விடவில்லை. இலை கிழிந்த சில நொடிகளிலேயே ஒரு நொதி லினோலெனிக் அமிலத்தில் ஆக்சிஜனை ஏற்றுகிறது, இன்னொன்று சங்கிலியை நறுக்குகிறது. ஆறு கார்பன் துண்டு ஒன்று காற்றில் கிளம்புகிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. பக்கத்துச் செடிகளுக்கு அது எச்சரிக்கை. நடுவில் நீங்கள் மூச்சை இழுத்து ரசிக்கிறீர்கள்.

கேள்வி: செடியின் தற்காப்பு ஹார்மோனுக்கு ஜாஸ்மோனிக் அமிலம் என்று பெயராமே! மல்லிகைக்கும் கம்பளிப்பூச்சிக்கும் என்னய்யா சம்பந்தம்?
- வாசகர், மதுரை

பதில்: மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் பெருமை உங்கள் குண்டுமல்லிக்கு இல்லை, பிச்சிப்பூவுக்கு. ஜாதிமல்லி என்போமே, அதுதான். 1962-இல் அதன் எண்ணெயிலிருந்து மீத்தைல் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தெடுத்தார்கள். சென்ட்டுக்கு ஒரு சரக்கு கிடைத்தது என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயன் என்பவர் வேறு பக்கமிருந்து வந்தார். வண்டு தின்ற உருளை, தக்காளிச் செடிகளில் ஒரு புரதம் பெருகுவதை 1972-இல் அவர் குழு காட்டியது. கடிபட்ட இலையில் மட்டுமல்ல, வண்டு எட்டிப்பார்க்காத இலையிலும். பூச்சியின் வயிற்றில் செரிமான நொதியை முடக்கும் புரதம் அது. தின்னலாம், செரிக்காது!

1990-இல் ரயனும் எட்வர்ட் ஃபார்மரும் ஒரு தக்காளிச் செடியையும் சேஜ்பிரஷ் என்ற பாலைப் புதரின் கிளையையும் காற்றுப் புகாத கலத்தில் சேர்த்து வைத்தார்கள். ஒன்றையொன்று தொடவில்லை. ஒரு புழுவும் கடிக்கவில்லை. தக்காளி இலையில் அதே புரதம் ஏறியது. புதரிலிருந்து கிளம்பிப் போய் அதைக் கிளப்பிவிட்டது எது என்றால், மீத்தைல் ஜாஸ்மோனேட்.

செய்முறையும் கேளுங்கள். பசுங்கணிகத்தில் லினோலெனிக் அமிலத்தை வளைத்து ஐந்து கார்பன் வளையம் போடுகிறது செடி. பிறகு பெராக்ஸிசோம் என்ற அறைக்கு அனுப்பி, வாலை இரண்டிரண்டு கார்பனாக மூன்று முறை வெட்டுகிறது. 18 போய் 12 ஆனால் ஜாஸ்மோனிக் அமிலம் தயார். மீத்தைல் ஜாஸ்மோனேட் அதன் வாரிசு, குடும்பத்துக்கே ஜாஸ்மோனேட் என்று பெயர்.

கேள்வி: இத்தனை நடந்தும் புழு சும்மா இருக்குமா?
- வாசகர், பெரம்பலூர்

பதில்: மாட்டிக்கொள்வதே அதன் வாயால்தான். மக்காச்சோளத்தைத் தின்னும் ஒரு படைப்புழுவின் எச்சிலில் வாலிசிட்டின் என்ற பொருளை 1997-இல் கண்டுபிடித்தார்கள். காயத்தில் அது பட்டதும் சோளம் ஒரு வாசனையைப் பரப்புகிறது. அதை மோப்பம் பிடித்து வரும் குளவி, புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகிறது. வாலிசிட்டினில் ஒரு பாதி புழுவின் சொந்தச் சரக்கு. மறுபாதி? இலையிலிருந்து தின்ற அதே லினோலெனிக் அமிலம். அப்படியென்றால் அந்த எச்சிலை ஏன் வைத்திருக்கிறது என்பீர்கள். தின்றதிலுள்ள நைட்ரஜனை உடம்பில் சேர்க்க அது உதவுகிறது. வயிற்றுப்பாட்டுக்காக எடுக்கிற ரிஸ்க்.

கேள்வி: செடியை ஏமாற்றும் கில்லாடி யாராவது உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா. கிருமி வாடை பட்டதும் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இந்தப் பாக்டீரியா கொரோனட்டின் என்று ஒன்றைத் தயாரிக்கிறது. ஜாஸ்மோனேட்டுக்கு வெட்டிய கள்ளச்சாவி அது. மூடிய துளை திறந்துவிடும். “புழு வந்திருக்கிறது” என்று செடி பூச்சிக்கு எதிரான வேலையில் இறங்க, பாக்டீரியாவை எதிர்க்கும் சாலிசிலிக் அமில ஏற்பாடு அந்த நேரம் பார்த்துப் படுத்துவிடும்.

கேள்வி: ஆஸ்பிரினைக் கரைத்துத் தக்காளிக்கு ஊற்றச் சொல்கிறார்கள் யூடியூபில். ஊற்றவா?
- வாசகர், தருமபுரி

பதில்: அடிப்படையே இல்லாத பேச்சு என்று தள்ள முடியாது. ஆஸ்பிரின் கொடுத்த புகையிலைச் செடி மொசைக் வைரஸை நன்றாகத் தாங்கியது, 1979-இல் பதிவான சேதி. ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் சொந்தக்காரர், அந்தப் பக்கம் பலம் கூடும் என்பதுதான் காரணம். யூடியூப்காரர் விட்டது மீதிக் கதை. நமக்கு வலியும் வீக்கமும் தரும் புராஸ்டாகிளாண்டின், 20 கார்பன் கொழுப்பமிலத்தை வளைத்துச் செய்வது. ஆஸ்பிரின் அந்த வேலையைத் தடுப்பதால்தான் தலைவலி போகிறது. அதை விளக்கிய ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு. செடியின் ஜாஸ்மோனேட்டும் கிட்டத்தட்ட அதே ஜாடைதான், ஆஸ்பிரின் அதையும் தடுக்கிறது. வைரஸுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுப் புழுவுக்கு இலை போட்டதாகிவிடும். மாத்திரையை நீங்களும் டாக்டரைக் கேட்டே விழுங்குங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்த வாழைப்பழம் ஏன் கறுக்கிறது?
- வாசகி, தேனி

பதில்: மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, சூரியகாந்தி எண்ணெய் உறைவதில்லை. இரட்டைப் பிணைப்பு நிறைய இருந்தால் கொழுப்பு குளிரிலும் இளக்கமாக இருக்கும். குளிர்நாட்டுச் செடிகள் பனி வருமுன் சவ்வுக் கொழுப்பில் இரட்டைப் பிணைப்பைக் கூட்டிக்கொள்கின்றன. வெப்பநாட்டு வாழைக்கு அந்தப் பழக்கம் இல்லை. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் சவ்வு விறைத்து ஒழுகும். தனித்தனி அறையில் இருந்த பீனாலும் நொதியும் சந்திக்கும், தோல் கறுக்கும். ஜப்பானின் நோரியோ முராட்டா குழு 1992-இல், சவ்வுக் கொழுப்பைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு மரபணுவைப் புகையிலையில் மாற்றிப் போட்டது. பூசணி வகையின் மரபணு ஏறிய செடி குளிரில் வாடியது. அரபிடாப்சிஸ் என்ற குளிர்நாட்டுக் களையின் மரபணு ஏறியது தாக்குப்பிடித்தது.

கேள்வி: ரோஜாவுக்கு உரம் வைக்க மறந்துபோனேன். பாவமா?
- வாசகி, ஓசூர்

பதில்: பாஸ்பரஸ் கிடைக்காத செடி தன் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடைப் பிரித்துப் பாஸ்பரஸை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சர்க்கரை ஒட்டிய கொழுப்பை வைத்துச் சமாளிக்கும். அதற்காக இன்னும் எத்தனை நாள் சோதிப்பீர்கள்? போய் வையுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய முட்டைக்கோசுக்கு உயிர் இருக்கிறதா?
- வாசகர், சேலம்

பதில்: இருக்கிறது, கடிகாரமும் இருக்கிறது. புழு தின்ன வரும் பகல் வேளைக்கென்று ஜாஸ்மோனேட்டைக் கூட்டி வைக்கும் வழக்கம் அரபிடாப்சிஸில் 2012-இல் தெரிந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் முட்டைக்கோசை 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று வைத்துப் பார்த்தார்கள். பறித்த பிறகும் கடிகாரம் ஓடியது, புழு தின்றதும் குறைந்தது. உங்கள் ஃபிரிட்ஜுக்குள் மட்டும் எப்போதும் ராத்திரி.

கேள்வி: ஜாஸ்மோனேட்டை வாங்கி நாமே தெளித்துவிட்டால் பூச்சிமருந்துச் செலவு மிச்சம்தானே?
- விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: கலிஃபோர்னியாவில் தக்காளி வயலில் தெளித்தே பார்த்தார் ஜெனிஃபர் தேலர். 1999-இல் வெளியான முடிவு: குளவி முட்டையிட்ட புழுக்கள் இரு மடங்கு. கேட்க ஜோர்தான். ஆனால் ஜாஸ்மோனேட் ஏறினால் செல் பிரிவது குறையும், செடி குட்டையாகும். அளவு மீறினால், புழு தொடாத காய் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் யாரிடம் விலை பேசுவீர்கள்?