உறுதிமொழியுடன் இணைத்துள்ளேன்

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும் என்று பத்திரிகைகள் மன்றாடிய காலத்தில், நம் எழுத்தாளர்கள் இரண்டு பக்கமும் நிரப்பி, இடம் போதாமல் கிளைமாக்ஸை மார்ஜினில் நெடுக்காக ஏற்றி அனுப்பினார்கள். தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை வைத்தால்தான் கதை திரும்பி வரும். அதை வைப்பதே அபசகுனம் என்று நினைத்தவர்கள் உண்டு.

மேல்நாட்டில் எழுத்தாளருக்காக ஏஜென்ட் இந்த வேலையெல்லாம் பார்ப்பார். நமக்கு ஏஜென்ட் என்றால் எல்.ஐ.சி.காரர்தான்.

இப்போது மின்னஞ்சல். யூனிகோடில், வேர்டு கோப்பாக, 1500 சொற்களுக்குள் என்று கேட்டால், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் 6000 சொல் வருகிறது. 2010இலேயே தமிழக அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டாயிற்று. அரசாங்கத்தைவிட மெதுவாக நடக்கவும் ஒரு திறமை வேண்டும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும், மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி நிற்கும். ஆசிரியர் பின்நவீனத்துவம் என்று எடுத்துக்கொண்டால் பிரசுரமாகலாம்.

கூடவே ஓர் உறுதிமொழி: 'இக்கதை வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை.' பெறுநர் கட்டத்தில் ஐந்து இதழ்களின் முகவரி, வரிசையாக, எல்லோரும் பார்க்கும்படி. கதை முந்தின இரவே முகநூலில் ஏறி, அத்தைப் பெண் 'சூப்பர்ணா' போட்டாகிவிட்டது.

மறுநாள் காலை போன்: "சார், நம்ம கதை எந்த வாரம் வருது?"